சங்கத்து அண்ணாச்சிமாரே, எஃப்சி கட்டணம் பேசுகிறீர்கள் சரி, கேபினைப் பற்றி எப்போது பேசுவீர்கள்?

நெல்லை, தென்காசி, தூத்துக்குடி பக்கம் லாரி உரிமையாளர் சங்கம் நடத்துகிற அண்ணாச்சிமார் எல்லாருக்கும் வணக்கம். ஒரு சங்கத்தைக் குறிவைத்து இதை எழுதவில்லை. நானும் சந்தா கட்டுகிறவன்தான், ஸ்ட்ரைக் என்றால் வண்டியை ஓரங்கட்டுகிறவன்தான். 2004 மாடல் லேலண்ட் டாரஸ், பத்து டயர், முன்னால் மூக்கில்லாத பழைய கேபின், அதாவது இன்ஜின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்காமல் டிரைவர் உட்காருகிற அறைக்குள்ளேயே இருக்கும். வண்டியும் என்னுடையது, ஓட்டுவதும் நான்தான். முதலாளி கணக்கும் தெரியும், டிரைவர் முதுகுவலியும் தெரியும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கட்டணம். இதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. 2025 நவம்பரில் மத்திய அரசு, வண்டி ஓடத் தகுதியானது என்று சோதித்துத் தருகிற எஃப்சி சான்றின் கட்டணத்தைத் திருத்தியது. அதற்கு முன்னால் 15 வருடம் தாண்டினால்தான் வயசான வண்டி. இப்போது 10 வருடத்திலேயே தொடங்கி, 15, 20 என்று மூன்று படி வைத்துவிட்டார்கள். 20 தாண்டிய கனரக லாரிக்கு 25,000 ரூபாய். எட்டு வருடம் தாண்டிய வண்டி வருடா வருடம் எஃப்சி காட்ட வேண்டும் என்பதால் இது ஒரு தடவையோடு போகிற செலவும் இல்லை. என் வண்டியின் பிரேக்கைச் சோதிக்க ஆகிற நேரமும் புது வண்டியின் பிரேக்கைச் சோதிக்க ஆகிற நேரமும் ஒன்றுதானே, அப்புறம் எதற்கு இத்தனை வித்தியாசம்? சோதனைக்கு வாங்குகிற கூலி இல்லை இது, வயசுக்குப் போட்ட அபராதம். அந்தப் பணத்தைப் பட்டறையில் கொடுத்தால் லைனர் மாற்றி, டிரம் கடைந்து, ஸ்லாக் அட்ஜஸ்டர் பார்த்து, காற்று ஒழுகுகிற டயாபிரம் மாற்றி, பிரேக் வேலையில் பெரும்பாதி முடிந்துவிடும். ரோட்டில் எதிரே பைக்கில் வருகிறவனுக்கு இதில் எது நல்லது என்று அதிகாரிகளிடம் நீங்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. கேளுங்கள், பின்னால் நான் நிற்கிறேன்.

பெர்மிட் கதையும் இதே மாதிரிதான். மத்திய மோட்டார் வாகன விதி 88 என்ன சொல்கிறது? இரண்டு ஆக்சில் வண்டிக்கு 12 வருடம், அதற்கு மேல் ஆக்சில் இருந்தால் 15 வருடம், தாண்டினால் நேஷனல் பெர்மிட் கிடையாது. வண்டி எப்படி இருக்கிறது என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. என் வண்டிக்கு 2019-லேயே அது முடிந்துபோனது. வருடத்துக்கு 16,500 கட்டிவிட்டு நாக்பூர், புனே என்று போய்வந்த வண்டி, இப்போது தூத்துக்குடி உப்பையோ தாழையூத்து சிமெண்டையோ ஏற்றிக்கொண்டு சென்னை, கோயம்புத்தூர், ஓசூர் என்று மாநிலத்துக்குள்ளேயே சுற்றுகிறது. புளியரை தாண்டி ஆரியங்காவு பக்கம் இறங்க வேண்டுமென்றால் தற்காலிக பெர்மிட்டுக்கு அலைய வேண்டும். 2018 ஜூலையில் ஆக்சில் பாரத்தைக் கூட்டினார்களே, பத்து டயருக்கு வண்டியும் சரக்கும் சேர்த்து 25 டன்னாக இருந்தது 28.5 ஆனதே, என் ஆர்சி புக்கில் இன்னும் 25 தான். அந்த மூன்றரை டன் வாடகையும் புது வண்டிக்காரனுக்குப் போய்விட்டது. புக்கிங் ஆபீசில் ஆர்சி புக்கை வாங்கிப் பார்த்ததும் "பழைய வண்டியா" என்று ஒரு இழுவை இழுப்பார்கள், வாடகையில் அடுத்த வெட்டு அங்கே விழும்.

மாநிலத்துக்குள் ஓடினால் அது நெடுந்தூரமா என்று சிலர் கேட்கிறார்கள். திருநெல்வேலியிலிருந்து சென்னை 600 கிலோமீட்டருக்கு மேல். பாரத்தோடு 45, 50-ல் உருட்டினால் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிற நேரம் மட்டும் 13, 14 மணி. அதற்கு மேல் டோல்கேட் வரிசை, சாப்பாடு, இறக்குகிற இடத்தில் காத்திருப்பு. 1961-ஆம் வருட மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு 8 மணி நேரம்தான் வேலை என்றது, 2025 நவம்பரில் அதற்குப் பதிலாக வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பும் அதே 8 மணி நேரம்தான் என்கிறது. சிரிக்காதீர்கள் அண்ணாச்சி, சட்டம் இருக்கிறது, நாம்தான் அதைப் படித்ததில்லை.

சரி, இவ்வளவு கஷ்டப்பட்டு இந்த வண்டியை ஏன் கட்டி அழுகிறாய், உடைக்கப் போட்டுவிட்டுப் புதுசு எடுக்க வேண்டியதுதானே? 2021-ல் வந்த பழைய வாகனக் கழிவுக் கொள்கைப்படி உடைக்கக் கொடுத்தால் புது வண்டியின் ஷோரூம் விலையில் 4 முதல் 6 சதவீதம் வரை கிடைக்கலாம், புதிதாக எடுக்கும் சரக்கு வண்டிக்கு சாலை வரியில் 15 சதவீதம் வரை தள்ளுபடி உண்டு. மிச்சத்தை யார் தருவது? ஃபைனான்ஸ்காரன். ஒற்றை வண்டி வைத்திருப்பவன் டியூ கட்டுவதற்காகவே ஓட்ட வேண்டியதாகிவிடும். டியூ கட்டுகிறவன் லோடைப் பார்த்து எடுக்க முடியாது, வந்ததை எல்லாம் ஏற்றுவான், தூங்காமல் ஓட்டுவான். கடன் இல்லாத பழைய வண்டி வைத்திருப்பவனுக்குத்தான், "இந்த வாடகைக்கு வர முடியாது, வேறு வண்டி பாருங்கள்" என்று சொல்லத் தைரியம் வரும். நான் இதை வைத்திருப்பதற்கு முதல் காரணம் அதுதான்.

இரண்டாவது காரணம் இன்ஜின். வரிசை பம்ப், நாசில், கவர்னர், அவ்வளவுதான். கம்ப்யூட்டர் கிடையாது. நடுராத்திரி கயத்தாறு பக்கம் நின்றுபோனால் டீசல் லைனில் காற்றா, ஃபில்டர் அடைப்பா, லிஃப்ட் பம்ப் போச்சா என்று டார்ச் வைத்து நானே பார்த்துவிடுவேன். முடியாவிட்டால் பக்கத்துப் பட்டறைப் பையனை எழுப்பினால் போதும். 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பிஎஸ்-6 வண்டிகளில் யூரியா டேங்க், புகை ஃபில்டர், ஏகப்பட்ட சென்சார். ஒரு லைட் எரிந்தால் இழுவை குறைந்துவிடும், லேப்டாப்போடு ஆள் வருகிறவரை காத்திருக்க வேண்டியதுதான். இதையெல்லாம் சொல்வதால் புது வண்டி மோசம் என்று அர்த்தமில்லை. புகையில் என் வண்டி அதன் பக்கத்தில்கூட நிற்க முடியாது. பாரத்தோடு லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கொடுத்தால் அன்றைக்கு நல்ல நாள். 2015 அக்டோபருக்கு அப்புறம் வந்த கனரக வண்டியில், சடன் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஏபிஎஸ் இருக்கிறது, என்னுடையதில் இல்லை. மழை நேரத்தில் புளியரை எஸ் வளைவில் இறங்கும்போது அது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று ஓட்டிப் பார்த்தவனுக்குத் தெரியும்.

மூக்கில்லாத வண்டிக்கு என்று சில வசதிகளும் உண்டு. அதே நீளத்தில் பாடிக்குக் கூடுதல் இடம் கிடைக்கும். முன்சக்கரத்துக்கு மேலேயே உட்காருவதால் எங்கே திரும்புகிறோம் என்பது கண்ணுக்கு நேரே தெரியும். டவுனில் ரதவீதியைச் சுற்றியும், மேலப்பாளையம் சந்துகளிலும், செங்கோட்டை மலைப்பாதை வளைவிலும் அந்தப் பழைய மூக்கு பென்ஸை ஓட்டின பெரியவர்களைக் கேளுங்கள், கண்ணாடிக்கு முன்னால் இருக்கிற அந்த நாலடியில் ஆடு நிற்கிறதா, ஆள் நிற்கிறாரா என்று தெரியாமல் கிளீனரை இறக்கிவிட்டுத்தான் திருப்புவார்கள்.

அமெரிக்காவில் கதை தலைகீழ். ஒரு காலத்தில் அங்கே பல மாநிலங்கள் இழுக்கிற முன்வண்டியும் பின்னால் வருகிற டிரெய்லரும் சேர்த்து மொத்த நீளத்தை அளந்தன, அதனால் மூக்கை வெட்டினால் டிரெய்லரை நீட்டலாம், மூக்கில்லாத வண்டி ஏராளமாக ஓடியது. 1982-ல் வந்த சட்டம் பெரிய நெடுஞ்சாலைகளில் மொத்த நீளத்தை விட்டுவிட்டு டிரெய்லர் நீளத்தை மட்டும் பார்க்கச் சொன்னது. மூக்கு திரும்ப வந்துவிட்டது. ஃபிரைட்லைனர் ஆர்கோசி என்கிற கடைசிப் பெரிய மாடலையும் அந்த ஊர்ச் சந்தையில் 2006-ல் நிறுத்திவிட்டார்கள். இன்னமும் பழைய மூக்கில்லாத வண்டியை வைத்து நெடுந்தூரம் ஓட்டுகிற சொந்த வண்டிக்காரர்கள் அங்கே உண்டு. ஓட்டும் நேரத்தைப் பதிவு செய்கிற மின்னணுக் கருவி அங்கே கட்டாயம், ஆனால் 2000-க்கு முந்தின மாடல் இன்ஜினுக்கு விலக்கு இருக்கிறது. ஐரோப்பாவில் இன்றைக்கும் மொத்த நீளத்துக்குத்தான் கணக்கு, அதனால் அங்கே மூக்கில்லாத வண்டிதான். வண்டியின் முகத்தை டிரைவரின் சௌகரியம் எந்த ஊரிலும் தீர்மானிக்கவில்லை, சட்டத்தின் டேப்புதான் தீர்மானித்திருக்கிறது. டிரைவருக்காக வந்த மாற்றம் எல்லாம் யாராவது தனியாகக் கேட்டு வாங்கினதுதான். நம் பக்கத்தில் அதை யார் கேட்பது, நீங்கள்தானே?

இனி நான் எழுத வந்த விஷயம்.

என் முட்டிக்கு முன்னால் என்ன இருக்கிறது? ஒரு தகடு, அதற்கு முன்னால் ஒரு பம்பர், அவ்வளவுதான். மூக்கு வண்டியில் மோதினால் முதலில் ரேடியேட்டர் நசுங்கும், இன்ஜின் வாங்கிக்கொள்ளும். இதில் முதலில் வாங்குவது டிரைவரின் கால். கம்பெனியிலேயே கேபின் கட்டி வருகிற வண்டிகளுக்கு, மோதினால் உள்ளே ஆள் உயிரோடு இருக்க இடம் மிஞ்சுமா என்று பார்க்க ஏஐஎஸ் 029 என்று ஒரு சோதனை இருக்கிறது. நம் வண்டிகளில் முக்கால்வாசி, வெறும் சேசிஸை, அதாவது அடிச்சட்டத்தை வாங்கி நாமக்கல்லிலோ திருச்செங்கோட்டிலோ கேபினும் பாடியும் கட்டினவை. கட்டினவர்கள் கைவேலையில் குறை சொல்ல மாட்டேன், அந்த மர வேலைப்பாடும் பெயிண்டும் அப்படி இருக்கும். ஆனால் தகட்டுக்குள்ளே இருப்பது மரச்சட்டம். இருபது வருடம் மழையில் நனைந்து, அதிலும் உப்பு லோடு அடிக்கிற வண்டி என்றால் கேட்கவே வேண்டாம், கதவுக்குக் கீழே படிக்கட்டுப் பக்கமும் முன்கண்ணாடித் தூணின் அடியிலும் உள்ளுக்குள்ளே இற்றுப் போயிருக்கும். வெளியே புது பெயிண்ட் பளபளக்கும். ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினால் உள்ளே போகும். எத்தனை உரிமையாளர்கள் அப்படி அழுத்திப் பார்த்திருக்கிறீர்கள்?

இன்ஜினைப் பார்க்க முன்னால் கவிழ்க்கிற கேபின் உள்ள வண்டியாக இருந்தால் வேறு மாதிரி ஆபத்து. பூட்டு தேய்ந்துபோய், கொக்கி சரியாக விழாமல், கம்பி வைத்துக் கட்டி ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சடன் பிரேக் போட்டால் அந்தக் கேபின் எங்கே போகும்? கேபினைத் தூக்குகிற பம்பின் சீல் ஒழுகுகிறது என்று தெரிந்தும், முட்டுக்கம்பி வைக்காமல் கேபினுக்கு அடியில் தலையை விட்டு வேலை பார்க்கிற பையன்களைக் கண்டால் வயிறு கலங்கும்.

அப்புறம் சூடு. இன்ஜின் டிரைவருக்கும் கிளீனர் சீட்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது. அக்னி நட்சத்திர வெயிலில் மத்தியானம் சாத்தூர் தாண்டும்போது இடது தொடை அடுப்படியில் வைத்த மாதிரி இருக்கும். அந்த இன்ஜினை மூடுகிற பேனட் மூடியின் ரப்பர் பீடிங் போயிருந்தால் சூட்டோடு ஆயில் புகையும் உள்ளே வரும், தூக்கம் சொக்கும், தலை வலிக்கும். இதைச் சரிசெய்ய ஒன்றும் பெரிய விஞ்ஞானம் வேண்டாம். மூடிக்கு அடியில் கண்ணாடிப் பஞ்சு வைத்து அலுமினியத் தாள் ஒட்டி, பீடிங் மாற்றி, கிளட்ச் பெடலும் கியர் ராடும் தரையில் நுழைகிற ஓட்டைகளுக்கு ரப்பர் போட்டு அடைத்தால் பாதிச் சூடு குறைந்துவிடும். என் வண்டியில் இதைச் செய்த பிறகு இன்ஜின் இரைச்சலும் குறைந்தது, பக்கத்தில் இருக்கிறவரோடு கத்தாமல் பேச முடிகிறது. செலவும் ஒரு டயர் விலைகூட ஆகவில்லை. இருந்தும் ஏன் யாரும் செய்வதில்லை? வண்டிக்குச் சொந்தக்காரன் அந்த சீட்டில் உட்காருவதில்லை. வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

இதோடு முதுகு. ஆக்சிலுக்கு நேர் மேலே சீட், கீழே பழைய பட்டை ஸ்பிரிங், ஒவ்வொரு பள்ளமும் நேரே இடுப்புக்குத்தான். பட்டையில் ஒன்று உடைந்திருந்தால் வண்டி ஓடும், ஆள் ஓட மாட்டான். கியர் ராடு புஷ் தேய்ந்தால் கியரைத் தேடித்தேடிப் போட வேண்டும், எஸ் வளைவில் ஏறும்போது தேடுகிற நேரத்தில் வண்டி பின்னால் உருளும். ஆடி மாதம் ஆரல்வாய்மொழி கணவாயில், முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவில், தார்ப்பாய் கட்டின உயரமான வண்டியைக் காற்று பக்கவாட்டில் தள்ளுகிற தள்ளில், முன்சக்கரம் திரும்புகிற கிங்பின் லூஸாக இருந்தால் ஸ்டியரிங்கோடு மல்யுத்தம்தான்.

இப்போதெல்லாம் கிளீனரும் கிடையாது. படி கட்டுப்படியாகவில்லை என்று நாம்தான் நிறுத்தினோம். இடது மூலையில் இருந்து "வா, வா" என்று தட்டிச் சொல்கிற ஆள் போய்விட்டான், அவனுக்குப் பதிலாக ஒரு குவிந்த கண்ணாடி கூட இல்லாத வண்டிகள் எத்தனை! இடது பக்கம் ஸ்கூட்டரில் வருகிற பிள்ளைகள் நம் கண்ணில் படுவதே இல்லை.

2025 அக்டோபர் 1-க்கு அப்புறம் தயாராகிற கனரக லாரிகளில் ஏசி கேபின் கட்டாயம். நல்ல விதி. அதனால் என்ன ஆகப்போகிறது தெரியுமா? நல்ல டிரைவர்கள் எல்லாரும் ஏசி வண்டிக்குப் போய்விடுவார்கள். ஏற்கெனவே ஆள் இல்லை என்று எல்லாக் கூட்டத்திலும் புலம்புகிறோம். பழைய வண்டிக்கு வரப்போவது யார்? கண் பார்வை மங்கினவர்களும், லைசென்ஸ் வாங்கி ஆறு மாதம் ஆன பையன்களும்தான். ஏபிஎஸ் இல்லாத, கேபின் இற்றுப்போன வண்டியை அவர்கள் கையில் கொடுத்து ராத்திரி நாலுவழிச் சாலையில் விடுவோமா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபப்படாதீர்கள். எஃப்சிக்கு வாடகை டயர் மாட்டுகிற பழக்கம் எல்லாருக்கும் தெரியும். ஒளிரும் பட்டை, கண்ணாடி, ஸ்பீடு கவர்னர் எல்லாமே காலையில் ஏறி சாயங்காலம் இறங்குகிறது. நாமே இப்படிச் செய்துவிட்டு "வயசைப் பார்க்காதே, தரத்தைப் பார்" என்று பேனர் பிடித்தால் எதிர்த்தரப்பு ஒரே ஒரு போட்டோவைக் காட்டி நம் வாயை அடைத்துவிடும். புளியரை வழியாக அதிகப் பாரத்தோடு போகிற கனிமவள வண்டிகள் மேல் ஊர்க்காரர்களுக்கு இருக்கிற கோபத்தில் நம் உப்பு லோடும் சேர்ந்து திட்டு வாங்குகிறது, அது தனிக்கதை.

அதனால் கோரிக்கையை மாற்றிக் கேளுங்கள். கட்டணத்தைக் குறை என்று மட்டும் நிற்காமல், வயசுக்குக் கட்டணம் வேண்டாம், சோதனையில் என்ன தேறியது என்பதற்குத்தான் கணக்கு என்று கேளுங்கள். பிரேக், ஸ்டியரிங், புகை எல்லாம் தேறினால் எல்லா வண்டிக்கும் ஒரே கட்டணம், தேறாமல் திரும்பி வந்தால் மறுசோதனைக்குக் கூடுதலாக வாங்கட்டும், அதில் நமக்கு வழக்கில்லை. அதோடு இத்தனை நாளாக யாரும் கேட்காததையும் சேர்த்துக் கேளுங்கள்: எஃப்சியில் கேபினையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். மரச்சட்டம், தூண், தரை, பூட்டு, பேனட் மூடி, சீட், இடது கண்ணாடி. பழைய மரக் கேபினை எடுத்துவிட்டு இரும்புச் சட்டத்தில் கட்டுகிறவனுக்கு அந்த வருடக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்லுங்கள். அரசாங்கத்துக்குப் பெரிய நஷ்டம் இல்லை, பாடி கட்டுகிற பட்டறைகளுக்கும் வேலை. விதி 88-லும் இதே மாதிரி, 15 வருடம் தாண்டினாலும் கடுமையான சோதனையில் தேறின வண்டிக்குப் பக்கத்து மாநிலங்களுக்காவது பெர்மிட் நீட்டிப்பு கேட்கலாம். கேரளா நமக்கு வெளிநாடா? செங்கோட்டையில் இருந்து பார்த்தால் சென்னையைவிட கொல்லம் எவ்வளவு பக்கம்!

இதற்கு "உரிமையாளருக்கு எதிராக நீயே பேசுகிறாயே" என்று ஒரு அண்ணாச்சி போன மாதம் டீக்கடையில் சொன்னார். நான் உரிமையாளர்தான். கேபினைக் கழற்றினால் என் வண்டியிலும் வேலை வரும், எனக்கும் செலவுதான். ஆனால் பழைய வண்டியை வைத்துப் பிழைக்கிறவன் எல்லாரையும் ஒரே கூடையில் போட்டு, பராமரிக்கிறவனையும் பராமரிக்காதவனையும் ஒரே விலையில் விரட்டுகிற விதிதான் இப்போது இருக்கிறது. வித்தியாசம் காட்டச் சொல்லிக் கேட்காமல் நமக்கு வேறு வழி இல்லை.

அரசாங்கம் கேட்கிறவரை காத்திருக்கவும் வேண்டாம். சங்கத்துக்கு இடம் இருக்கிறது, சந்தாப் பணம் இருக்கிறது, தச்சநல்லூர் பக்கமும் பேட்டைப் பக்கமும் தெரிந்த மேஸ்திரிகள் இருக்கிறார்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய வண்டிகளை வரிசையாக நிறுத்தி கேபினை மட்டும் பார்த்து எழுதிக்கொடுக்கச் சொல்லுங்கள். பேனட் பஞ்சும் பீடிங்கும் மொத்தமாக வாங்கினால் விலை குறையும். அன்றைக்கே டிரைவர்களுக்குக் கண் பரிசோதனையும் வைக்கலாம்.

அடுத்த மண்டலக் கூட்டம் மதுரையில் என்று கேள்விப்பட்டேன். ஒரு வேண்டுகோள். கார் எடுக்காதீர்கள். உங்கள் கம்பெனியிலேயே இருக்கிற பழைய வண்டியில், பாரம் ஏற்றி, மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு நெல்லை வண்ணாரப்பேட்டையில் ஏறுங்கள். கிளீனர் சீட் வேண்டாம், பேனட் மேல் உட்காருங்கள். இறங்கினதும் நேரே மேடைக்குப் போய், கட்டணத்தை முதலில் பேச வேண்டுமா கேபினை முதலில் பேச வேண்டுமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். வண்டி இல்லாதவர்கள் சொல்லி அனுப்புங்கள், என் வண்டி காலியாகத்தான் நிற்கும், நானே ஓட்டி வருகிறேன்.

இப்படிக்கு,
2004 டாரஸ் ஒன்றை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிற உங்கள் சங்க உறுப்பினர்